கரையில் நின்றுவிட்ட மருத்துவம்: செயற்கைக்கோள்வழித் தொலைமருத்துவ வரலாறும் வடசென்னை ஆழ்கடல் மீனவரும்

ஆய்வுச் சுருக்கம்

செயற்கைக்கோள்வழித் தொலைமருத்துவத்தின் இந்திய வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. தொடக்க கால இணைப்புகள் பலவற்றில் மறுமுனையில் இருந்து ஆலோசனை வழங்கியவை சென்னை மருத்துவமனைகளே. எனினும் அந்நகரின் வடபகுதியான காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் மீன்பிடித் தொழிலாளர் இவ்வரலாற்றுக்கு வெளியே நின்றனர். அதே கடலில் செல்லும் சரக்குக் கப்பலின் மாலுமிக்குக் கட்டணமற்ற மருத்துவ ஆலோசனை உலகளாவிய உரிமையாக இருக்க, மீனவருக்கு அது உரிமையாக எழுதப்படவில்லை. இவ்வேறுபாடு தொழில்நுட்பக் குறைவால் விளைந்ததன்று. 'தொலைவு' என்பதை நிர்வாகமும் சட்டமும் வரையறுத்த முறையால் விளைந்தது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொலைமருத்துவம், செயற்கைக்கோள் தொடர்பு, காசிமேடு, ஆழ்கடல் மீன்பிடிப்பு, கடல்சார் தொழிலாளர் சட்டம், பேரிடர் மேலாண்மை.

முன்னுரை

இராயபுரத்தை அடுத்த பழைய சிறைச்சாலைச் சாலையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ளது. துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் வாழும் தொழிலாளி ஒருவர் நோயுற்றால், தமிழகத்தின் முதன்மையான மருத்துவமனைகளுள் ஒன்றைச் சிறிது நேரத்தில் அடைந்துவிடலாம். மருத்துவ வசதி குறித்த எந்த நிலப்படத்திலும் இப்பகுதி 'தொலைதூரப் பகுதி' எனக் குறிக்கப்பட வாய்ப்பில்லை.

அதே தொழிலாளி விசைப்படகில் ஏறி நான்காம் நாள் கடலில் இருக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. கைபேசி அலை கரையை ஒட்டிய சிறு எல்லைக்குள் நின்றுவிடுகிறது. படகிலுள்ள மிகு உயர் அதிர்வெண் வயர்லெஸ் கருவி நேர்க்கோட்டுப் பார்வை எல்லைக்குள் மட்டுமே பேசவல்லது. கரை எட்டாதபோது அருகிலுள்ள படகுகளின் வழியே செய்தியைக் கடத்த வேண்டும். கரை திரும்பப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கும் மேலாகலாம். அப்படகைக் கடந்து எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கோ காட்டுப்பள்ளிக்கோ செல்லும் சரக்குக் கப்பலில் ஒருவர் நோயுற்றால், கப்பல் அதிகாரி செயற்கைக்கோள் தொலைபேசியில் இரண்டிலக்க எண்ணை அழுத்தி மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

ஒரே கடல், ஒரே வானம். ஆனால் மருத்துவரின் குரல் ஒருவருக்கு எட்டுகிறது, மற்றவருக்கு எட்டவில்லை. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினா.

கம்பியில்லாத் தந்தியும் கப்பல் மருத்துவமும்

தொலைமருத்துவம் கணினிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்னும் கருத்து பரவலாக உள்ளது. உண்மையில் அதன் முதல் நிலைத்த வடிவம் கடலில்தான் தோன்றியது. கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் பொருத்தப்பட்ட பின், மருத்துவர் இல்லாத கப்பல்கள் நோயாளியின் அறிகுறிகளை மோர்சு குறியீட்டில் கரைக்கு அனுப்பத் தொடங்கின. 1920களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மாலுமிகள் நலச் சங்கமும் சுவீடனின் கோதன்பர்க் நகர மருத்துவமனையும் இத்தகைய சேவையை நடத்தின. 1935இல் உரோம் நகரில் கைடோ கைடா என்னும் மருத்துவர் பன்னாட்டு வானொலி மருத்துவ மையத்தை நிறுவினார். அதன் முதல் தலைவராக இருந்தவர் வானொலித் தொடர்பின் முன்னோடியான மார்க்கோனி.

இச்சேவைகள் படமோ குரலோ இன்றிச் சில சொற்களைக் கொண்டே இயங்கின என்பது கருதத்தக்கது. அவற்றை இயலச் செய்தவை மூன்று: கரையில் எந்நேரமும் பொறுப்பேற்கும் மருத்துவர், கப்பலில் எண்ணிடப்பட்ட மருந்துகளைக் கொண்ட மருந்துப்பெட்டி, இருவருக்கும் பொதுவான குறியீட்டு மொழி. 1965இல் ஏற்கப்பட்டு 1969 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டுச் சைகைக் குறியீட்டு நூலின் மருத்துவப் பிரிவு இக்குறியீட்டு மொழியின் முதிர்ந்த வடிவமாகும். அதில் 'எம்.ஏ.ஏ.' என்னும் மூன்றெழுத்து 'அவசர மருத்துவ ஆலோசனை வேண்டுகிறேன்' எனப் பொருள்படும். மொழி தெரியாத இருவரும் இக்குறியீடுகளால் நோய்க்குறிகளையும் மருந்தளவையும் பரிமாறிக்கொள்ள இயலும். உலக நலவாழ்வு நிறுவனம் 1967இல் முதன்முறையாக வெளியிட்ட கப்பல்களுக்கான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி நூல் இவ்வமைப்பை மேலும் வலுப்படுத்தியது.

செயற்கைக்கோளின் வருகை

செயற்கைக்கோள் தொடர்பு மருத்துவத்துக்குப் பயன்பட்ட தொடக்க கால முயற்சிகளுள் 1971ஆம் ஆண்டின் அலாசுகா திட்டம் குறிப்பிடத்தக்கது. ஏ.டி.எஸ்-1 என்னும் செயற்கைக்கோள் வழியாக அங்குள்ள 26 இடங்கள் இணைக்கப்பட்டன. 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் தரைவழித் தொலைபேசி முடங்கியபோது ஏ.டி.எஸ்-3 செயற்கைக்கோள் மீட்புப் பணிக்குக் குரல்வழித் தொடர்பு அளித்தது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவைத் தாக்கிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து, 1989இல் அமெரிக்க மருத்துவமனைகளும் சோவியத் மருத்துவர்களும் 'விண்பாலம்' என்னும் இணைப்பின் வழி நோயாளர் குறித்துக் கலந்தாலோசித்தனர். பேரிடரில் முதலில் அழிவது தரைவழிக் கட்டமைப்பு. தரையைச் சாராத தொடர்பே அப்போது எஞ்சும் என்னும் பாடம் இந்நிகழ்வுகளால் உறுதிப்பட்டது.

கடலில் இம்மாற்றத்தைக் கொணர்ந்தது 1979இல் நிறுவப்பட்டு 1982இல் சேவையைத் தொடங்கிய இன்மார்சாட் அமைப்பு. அதன் சிறப்பு எண்களில் 32 மருத்துவ ஆலோசனைக்கும், 38 நோயாளியை வெளியேற்றுதல் போன்ற மருத்துவ உதவிக்கும் ஒதுக்கப்பட்டன. ஆலோசனையும் உதவியும் இரு வேறு தேவைகள் எனப் பிரித்துணர்ந்த இவ்வகைப்பாடு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

சென்னை மையமாக அமைந்த இந்திய முயற்சிகள்

இந்தியாவில் செயற்கைக்கோள்வழித் தொலைமருத்துவத்தின் தொடக்கம் சென்னையோடு பிணைந்தது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள அரகொண்டா கிராம மருத்துவமனையின் தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச் 24 அன்று, இந்தியா வந்திருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். 2001இல் இஸ்ரோ தனது முன்னோடித் திட்டமாக அம்மருத்துவமனையைச் சென்னை அப்பல்லோ மருத்துவமனையோடு செயற்கைக்கோள் வழி இணைத்தது. தொடர்ந்து அந்தமானின் போர்ட் பிளேர் நகரிலுள்ள கோ.ப. பந்த் மருத்துவமனை, சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,200 கி.மீ. கடலைக் கடந்து நோயாளியை அனுப்புவதற்கு முன், அனுப்பத்தான் வேண்டுமா என்று நிபுணரிடம் கேட்டறியும் வாய்ப்பை இது அளித்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் தமிழகக் கரையையும் ஒரே நாளில் தாக்கியது. முன்னரே நிறுவப்பட்டிருந்த போர்ட் பிளேர் இணைப்பு அந்நெருக்கடியில் பயன்பட்டது. பேரிடர்க் காலத்துக்கென இறக்கப்படும் கருவியைவிட, அன்றாடப் பயன்பாட்டில் பழகியிருந்த இணைப்பே கைகொடுக்கும் என்பதற்கு இது சான்று.

அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கிராம வளமையங்கள் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்கள் இணைக்கப்பட்டன. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் மீனவர் வாழும் ஊர். எனினும் இணைப்பு கரையிலுள்ள மையத்தோடு நின்றது.

பின்னாளில் இஸ்ரோவின் தொலைமருத்துவ வலையமைப்பு 384 முனைகளாக விரிந்தது. அவற்றுள் 60 சிறப்பு மருத்துவமனைகள். 306 தொலைதூர, ஊரக, மாவட்ட, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். 18 நடமாடும் மருத்துவப் பிரிவுகள். இவ்வகைப்பாட்டை ஊன்றி நோக்கினால் அதன் அடிப்படை புலப்படும். 'தொலைவு' என்பது ஓர் இடத்தின் பண்பாகக் கொள்ளப்பட்டது: மலை, தீவு, எல்லைப்புறம், சிற்றூர். நடமாடும் பிரிவுகளும் நோயாளர் நிலையாக வாழும் ஊர்களை நோக்கிச் சென்ற ஊர்திகளே. நகரத்தில் வாழ்ந்து, தொழிலின் பொருட்டுத் தொலைவுக்குச் செல்பவர் எப்பிரிவிலும் அடங்கவில்லை. காசிமேட்டு மீனவர் முகவரியால் மாநகரவாசி, தொழிலால் தொலைதூரவாசி. திட்டங்கள் முகவரியைக் கணக்கில் கொண்டன, தொழிலைக் கொள்ளவில்லை.

சட்டம் வகுத்த தொலைவு

நிர்வாக வகைப்பாடு இவ்வாறிருக்க, பன்னாட்டுச் சட்டம் மற்றொரு பிரிவினையை உருவாக்கியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 164ஆம் உடன்படிக்கை (1987), கடலிலுள்ள கப்பல்களுக்குப் பகலிரவு எந்நேரமும் வானொலி அல்லது செயற்கைக்கோள் வழி மருத்துவ ஆலோசனை கிடைக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்றது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதனை உள்வாங்கி, இவ்வாலோசனை எந்நாட்டுக் கொடியேந்திய கப்பலுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என விதித்தது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 2015 அக்டோபர் 9 அன்று ஏற்புறுதி செய்தது.

இவ்வுடன்படிக்கை மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது என அதன் இரண்டாம் உறுப்பே விலக்களித்துள்ளது. மீனவருக்கெனத் தனியாக 2007இல் இயற்றப்பட்ட 188ஆம் உடன்படிக்கை 2017 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. மீன்பிடிக் கலங்களில் மருந்துப்பொருள்கள், முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர், மருத்துவ ஆலோசனை தரவல்லோரோடு வானொலி அல்லது செயற்கைக்கோள் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என அதன் 29ஆம் உறுப்பு கூறுகிறது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. ஆகவே எண்ணூரை நோக்கி வரும் வெளிநாட்டுக் கப்பலின் மாலுமிக்கு எழுதப்பட்ட உரிமையாக இருப்பது, காசிமேட்டிலிருந்து புறப்பட்ட உள்நாட்டு மீனவருக்கு அவ்வாறு எழுதப்படாமலே உள்ளது.

பாதுகாப்புக் கொள்கையும் இவ்விடைவெளியைக் கூட்டியது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பின், துராயா, இரிடியம் வகைச் செயற்கைக்கோள் கைபேசிகளை அனுமதியின்றி இந்திய எல்லைக்குள் பயன்படுத்துவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டது. அரசுத் துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2017 மே மாதத்தில் இன்மார்சாட் வழிச் செயற்கைக்கோள் கைபேசிச் சேவையைத் தொடங்கியது. ஆனால் அக்கருவியின் விலை சிறு முதலாளியின் விசைப்படகுக்கு எளிதில் எட்டக்கூடியதன்று. தாக்குதல் நடத்தியோர் கடல்வழியே வந்தனர் என்பதால் இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருந்தது. எனினும் அதற்கு மாற்றான மருத்துவத் தொடர்பு உடனடியாக உருவாக்கப்படவில்லை.

ஒருவழிக் கருவிகளிலிருந்து இருவழிக் கருவிகளுக்கு

மீனவருக்கான செயற்கைக்கோள் கருவிகள் ஒருவழித் தன்மையோடு தொடங்கின. 2010 முதல் பயன்பாட்டிலுள்ள இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கை அனுப்பி, தீ விபத்து, படகு மூழ்குதல், மருத்துவ உதவி போன்ற நெருக்கடிகளைப் பொத்தான் வழி அறிவிக்க வல்லது. செய்தி பெங்களூரிலுள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தால் பெறப்பட்டு, கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்கு அனுப்பப்படும். கிழக்குக் கரைக்கான அம்மையம் சென்னையில் உள்ளது. அதன் புதிய கட்டடம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. எனினும் முதல் தலைமுறைக் கருவியில் செய்தி மேலே செல்லுமேயன்றி, மறுமொழி கீழே வராது. தன் அழைப்பு எவரையேனும் எட்டியதா என்பதையே மீனவர் அறிய இயலாது.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இக்குறையைக் கொடூரமாக வெளிப்படுத்தியது. புயல் உருவாகும் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட கன்னியாகுமரி, கேரள மீனவருக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் வழி இல்லை. அதன்பின் 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி கருவி, வானிலை எச்சரிக்கைகளைக் கடலில் பெற உதவியது. இதுவும் ஒருவழியே, ஆனால் எதிர்த் திசையில். முந்தையது பேசும், கேளாது. பிந்தையது கேட்கும், பேசாது.

2024 ஜனவரியில் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறை எச்சரிக்கை அனுப்பி, அழைப்பு பெறப்பட்டது என்னும் ஒப்புகையை மீனவருக்குத் திருப்பி அனுப்புகிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட படகுத் தொடர்பு மற்றும் உதவி அமைப்பு, கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் ஒரு இலட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் பொருத்தும் இலக்குடையது. 2015இல் ஏவப்பட்ட ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழி இயங்கும் இக்கருவிகள் குறுஞ்செய்திகளை இருவழியிலும் கடத்துகின்றன. தமிழக விசைப்படகுகளிலும் இவை பொருத்தப்பட்டு வருகின்றன. இந்திய மீன்பிடிப் படகில் வினாவும் விடையும் பெருமளவில் இயலும் நிலை இதனால்தான் உருவானது.

அலைவரிசைக் குறையா, மருத்துவர் குறையா?

குறுஞ்செய்தியால் மருத்துவம் பார்க்க இயலுமா என்னும் ஐயம் எழலாம். மருத்துவமனைகளுக்கிடையிலான இணைப்புகள் காணொளியும் ஊடுகதிர்ப் படமும் கடத்தும் திறன் கொண்டவை. அவற்றோடு ஒப்பிடக் குறுஞ்செய்தி மிக எளியது. ஆனால் 1935இன் கப்பல் மருத்துவம் இதனினும் எளிய மோர்சு குறியீட்டில் நடைபெற்றது என்பதை மேலே கண்டோம். இன்று டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்பட்ட படகு, அக்காலக் கப்பலுக்குத் தொடர்பு வசதியில் குறைந்ததன்று. குறைவது எதிர்முனையில் அமர்ந்திருக்கும் மருத்துவரே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வலையிழுக்கும் வின்ச் பொறியில் சிக்கி விரல் துண்டாவது விசைப்படகுத் தொழிலில் நிகழக்கூடிய விபத்து. துண்டான விரலைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நீர்புகாத நெகிழிப் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைத்தால் அதனை மீண்டும் பொருத்தும் வாய்ப்பு நீளும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் புதைத்தால் திசுக்கள் உறைந்து சிதையும். மீனைப் பதப்படுத்தப் படகில் பனிக்கட்டி நிரம்ப இருக்கிறது. படகு திரும்பும் கரைக்கு அருகில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய, கையறுவை மருத்துவத்தில் பெயர்பெற்ற துறை ஸ்டான்லி மருத்துவமனையில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்க வேண்டியது பத்துச் சொற்களாலான ஓர் அறிவுரை மட்டுமே. அது உரிய நேரத்தில் வந்தால் ஒரு தொழிலாளியின் கை பிழைக்கும். வராவிடில் சிறந்த அறுவை மருத்துவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

திருக்கை முள் குத்தினால் காயத்தைப் பொறுக்கத்தக்க சூடான நீரில் அமிழ்த்துவது வலியைத் தணிக்கும். நெஞ்சு வலி எனில் படகை உடனே திருப்புவதா, வானூர்தி உதவி கேட்பதா என்பதை முடிவு செய்ய வேண்டும். இவையும் சொற்களால் கடத்தத்தக்க அறிவே. 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிகள், காணொளி, குரல் ஆகியவற்றோடு எழுத்துவழி ஆலோசனையையும் ஏற்கத்தக்க முறையாக வகுத்துள்ளன. நெருக்கடியில் முதலுதவி, உயிர்காப்பு, மேல்சிகிச்சைப் பரிந்துரை ஆகியவற்றுக்கு அவை இடமளிக்கின்றன. எனவே சட்டத் தடையும் இல்லை.

கடலோரக் காவல் படை நோயுற்ற மீனவரையும் மாலுமியரையும் கடலிலிருந்து மீட்டு வருவது உண்மை, அப்பணி போற்றத்தக்கது. ஆயினும் மீட்பு என்பது இன்மார்சாட் வகைப்பாட்டில் 38ஆம் எண்ணுக்குரியது. ஆலோசனை 32ஆம் எண்ணுக்குரியது. ஆலோசனை இல்லாத இடத்தில் ஒவ்வொரு நோவும் மீட்பு அழைப்பாக மாறும், அல்லது அழைப்பே விடுக்கப்படாமல் மறைக்கப்படும். டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் செலவிட்டுச் சென்ற படகை இடைவழியில் திருப்புவது முதலாளிக்கும் பங்குத் தொழிலாளருக்கும் இழப்பு. அந்த இழப்பை அஞ்சி நோயைப் பொறுத்துக்கொள்ளும் தொழிலாளிக்கு, திரும்பியே ஆக வேண்டும் என்று கூற அதிகாரமுள்ள ஒரு மருத்துவர் தேவை. ஆகவே இது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று, தொழிலுறவுச் சிக்கலும் ஆகும்.

விசைப்படகுகளில் தமிழரோடு தெலுங்கு பேசுவோரும் பணிபுரிகின்றனர். பலருக்கு நெருக்கடியில் எழுதி விளக்குவது கடினம். இதற்கும் கடல் வரலாறு விடை தந்துள்ளது. சைகைக் குறியீட்டு நூலின் மருத்துவப் பிரிவைப் போல, எண்ணிடப்பட்ட நோய்க்குறிப் பட்டியலும் எண்ணிடப்பட்ட மருந்துப்பெட்டியும் இருப்பின் மொழி தடையாகாது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, தொலைமருத்துவம் கடலில் பிறந்து கரையேறியது. இந்தியாவில் அது கரையில் தொடங்கிக் கரையிலேயே நின்றது. இரண்டாவது, வடசென்னை மீனவர் அவ்வட்டத்துக்கு வெளியே நின்றதற்குக் காரணம் தொலைவை இடத்தின் பண்பாகக் கொண்ட நிர்வாக வகைப்பாடும், மாலுமியையும் மீனவரையும் பிரித்த சட்ட வகைப்பாடும் ஆகும். மூன்றாவது, 2024க்குப் பின் இருவழித் தொடர்பு படகுக்கு வந்துவிட்டதால், தொழில்நுட்பக் குறையை இனிக் காரணமாகக் காட்ட இயலாது.

எஞ்சியிருப்பவை பழைய கப்பல் மருத்துவம் கண்டறிந்த அதே மூன்று தேவைகளே: பொறுப்பேற்கும் மருத்துவர், எண்ணிட்ட மருந்துப்பெட்டி, பொதுக் குறியீடு. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையிலுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டப்பட்டிருக்கின்றன. முதலுதவிப் பயிற்சிக்கும் மருந்துப்பெட்டி ஆய்வுக்கும் அதனினும் ஏற்ற காலம் இல்லை. சென்னை மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் இடையே முறையான ஏற்பாடு ஒன்று அமையுமாயின், செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இறக்கித் தரும் சொல், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவருடையதாக இருக்கும். அரகொண்டாவுக்கும் போர்ட் பிளேருக்கும் மருத்துவரின் குரலை அனுப்பிய நகரம், தன் வடகரையிலிருந்து புறப்படும் படகுகளுக்கும் அதனை அனுப்புவது அந்த வரலாற்றின் இயல்பான தொடர்ச்சியாகவே அமையும்.